உடைவதற்கென்று ஒரு பின்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். ஏரி, மதகு, ஆற்றங்கரை இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் அது. அங்கேதான் மெக்கானிக்காகச் சேர்ந்து, மெக்கானிக்காகவே ஓய்வு பெற்றேன். வந்தவர்களில் ஒருவர் இப்போது என் நாற்காலியில் இருப்பவர். வெள்ள காலத்துக்கென்று புதிய பைபர் படகு வந்திருக்கிறதாம், மோட்டாரும் புதிதாம். ஆனால் அதன் மூடியை நாம் திறக்கக் கூடாதாம்.

"தொறந்தா வாரண்டி பூடும் சார். ஏதாச்சும் ஆனா கம்பெனிக்குப் போன் பண்ணணும். அவங்க ஆளு வர்ற வரைக்கும் கைய வெக்கக் கூடாது" என்றார்.

"அப்படியே பாலாத்துக்கும் ஒரு போன் போட்டுடுங்க. அவங்க ஆளு வர்ற வரைக்கும் கொஞ்சம் நின்னுக்கினு இருக்கட்டும்" என்றேன்.

சிரித்தார்கள். பிறகு, உங்கள் காலத்துப் படகு மோட்டாரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அந்த மோட்டாரைப் பற்றி எழுதச் சொன்னால் வசவுதான் முதலில் வரும். என் மனைவியிடம் நான் கோபப்பட்டதைவிட அதனிடம் கோபப்பட்டது அதிகம். அவளே இதற்குச் சாட்சி.

நான் மாகறல்காரன். விவசாயக் குடும்பம். எங்கள் கிணற்றில் இருந்த ஆயில் என்ஜின் நின்றுபோகும்போதெல்லாம் அதைப் பிரித்துப் பிரித்தே தொழில் பழகினேன். அப்புறம் காஞ்சிபுரத்தில் ஒரு லேத் பட்டறை, அங்கிருந்து அரசாங்க வேலை. படித்தது, பழகியது எல்லாம் இவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில், மதகுத் திருகுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த என் தலையில் ஒரு படகு வந்து விழுந்தது.

தகரப் படகு. பின்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் மோட்டார். வேறு ஏதோ இலாகா சலித்துப்போய்க் கழித்துக் கட்டியதை, வெள்ள நிவாரணத்துக்கு என்று எங்களுக்கு லாரியில் அனுப்பியிருந்தார்கள். உதிரி பாகம் கேட்டால் மெட்ராசிலிருந்து பதில் வர ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். ஆகவே எது கெட்டாலும் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த மோட்டாருக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையின் முறுக்கு அத்தனையும் அதற்கு உண்டு. பெட்ரோலில் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். கூடினால் புகையும், குறைந்தால் இறுகும். டேங்க் மூடியின் காற்றுத் துளையைத் திறக்க வேண்டும். கார்பரேட்டரைத் தட்டித் தட்டி ஒரு சொட்டு வழியவிட வேண்டும். தலையில் உள்ள சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிச் சுண்டி இழுக்க வேண்டும். இழுத்தால் ஒரு தும்மல் தும்மும். மறுபடி சுற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றினால் எண்ணெயில் குளித்திருக்கும். துடைத்து, அனலில் காட்டி, மாட்டி, மறுபடி சுற்றி இழுத்தால், கயிறு அறுந்து இழுத்தவன் மல்லாக்க விழுவான். கடைசியில் பட்டுத் தறியின் மேலே பூவேலைக்கு வைக்கிற ஜக்கார்டு பெட்டிக்குப் போடுகிற முறுக்குக் கயிற்றைத் தறிக்காரர்களிடம் வாங்கிப் போட்டோம். அதன்பின் கயிறு அறுவது நின்றது. என் தோள்பட்டை போயிற்று.

ஒருவழியாக ஓடினாலும் நம்ப முடியாது. ஆற்றுத் தண்ணீரையே உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும் மோட்டார் அது. உறிஞ்சிய தண்ணீர் பக்கத்துத் துளை வழியாகப் பீச்சிக்கொண்டு வெளியே வர வேண்டும். மணல் அடைத்தால் வராது, மோட்டார் கொதித்துவிடும். அதனால் மோட்டார் ஓடும்போதெல்லாம் கோவிந்தன் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "மாப்ள ஒண்ணுக்குப் போறாரா பாருப்பா" என்பேன். "தாராளமாப் போறாருண்ணா" என்பான். கோவிந்தன் ஓரிக்கைக்காரன். எங்கள் அலுவலகத்தில் லஸ்கர், அதாவது மதகு திறந்து மூடுகிறவன். பாலாற்றில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அவனுக்கு அத்துபடி.

எங்கள் அதிகாரி தேவராஜன். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து பொறியியல் படித்தவர். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் தறியில் இருந்தார்கள். இவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மோட்டாரைப் பிரிப்பதென்றால் முதலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரிக்கச் சொல்வார். கழற்றுகிற ஒவ்வொன்றும், ஒரு வாஷர்கூட விடாமல், கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வேட்டியில் உட்கார வேண்டும். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுக்க வேண்டும். நடுவில் யாரும் வேட்டியைத் தாண்டக் கூடாது. தெருவில் நெசவாளர்கள் பாவு நூலை நீளமாக விரித்திருந்தால் சுற்றிக்கொண்டு போவார்கள் அல்லவா, அந்த மரியாதை அந்த வேட்டிக்கும் உண்டு. எனக்கு இதெல்லாம் பிடிக்காது. சட்டைப் பையில் நட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்து பழகியவன் நான். ஒருமுறை பொறுக்காமல், "சார், இது இன்னா பொண்ணு பாக்கற நிகழ்ச்சியா, எல்லாத்தையும் வரிசையா உக்கார வெக்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா ஏகாம்பரம். ஒரு பொண்ணு கொறஞ்சாலும் கல்யாணம் நடக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த நட்டுக்குக் கையை நீட்டினார்.

இனி பின்னுக்கு வருகிறேன்.

மோட்டாரின் அடியில் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியையும், அதைச் சுற்றவைக்கும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒரு சின்னப் பின். சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும், பித்தளை. ஏரியில் படகை ஓட்டிப் பார்த்தபோது இந்தப் பின் உடைந்துகொண்டே இருந்தது. விசிறி மணலில் தட்டினால் உடையும். வேரில் பட்டால் உடையும். உடைந்ததும் விசிறி நின்றுவிடும், என்ஜின் மட்டும் சும்மா கிடந்து அலறும். கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு கரைக்கு வருவோம். கரையில் துணி துவைக்கிறவர்கள்கூட எங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

தேவராஜன் சாருக்கு இது தாங்கவில்லை. நெசவாளர் வீட்டில் இழை அறுவதைப் போல் மனதைப் புண்படுத்துகிற விஷயம் வேறு இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியையே நிறுத்திவிட்டு முடிந்துவிட்டுத்தான் மறுவேலை. அறுகிறது என்றால் சாமான் மட்டம், இல்லை, வேலை மட்டம். அப்படிப் பார்த்தே வளர்ந்தவர். ஒரு நாள் காலை காகிதத்தில் மடித்து எதையோ கொண்டுவந்தார். ஜக்கார்டு பெட்டியின் எஃகுக் கம்பியில் நறுக்கிய துண்டு.

"எங்கண்ணன் பெட்டியில இருந்தது. இவ்ளோ வருஷத்துல ஒரு கீறல் இல்ல பாரு. இதப் போடு. இனிமே உடையுதான்னு பாக்கலாம்" என்றார்.

போட்டேன். எனக்கும் அதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை, ஊரே அப்படித்தான் யோசிக்கும். உடைகிற சாமானை எடுத்துவிட்டு உடையாத சாமானைப் போடுவதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? கோவிந்தன் கற்பூரம் காட்டினான்.

அன்றைக்குப் பின் உடையவில்லை. ஏரி நடுவில் விசிறி ஏதோ மரக்கட்டையில் மோதியது. படகு முழுவதும் அதிர்கிற மாதிரி உள்ளே ஒரு சத்தம் கேட்டது. கரைக்குக் கொண்டுவந்து, வேட்டியை விரித்துப் பிரித்தோம். அடிப்பெட்டியில் இருந்த பல்சக்கரத்தில் இரண்டு பற்கள் இல்லை. எஃகுப் பின் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் பளபளவென்று இருந்தது.

தேவராஜன் சார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் பின்னையும் மறு கையில் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது உடையலன்றதாலதான் அது உடைஞ்சுது" என்றார். சக்கரத்தை வேட்டியில் அதன் இடத்தில் வைத்துவிட்டு, "உடையறதுதான்பா இதுக்கு வேலயே. அத நான் செய்ய உடல" என்றார்.

அதோடு விடவில்லை. மற்ற ஆட்களையும் கூப்பிட்டு, எஃகுப் பின் போடச் சொன்னது தான்தான், மெக்கானிக் மேல் தப்பில்லை என்று எல்லார் எதிரிலும் சொன்னார். அந்தக் காலத்தில் அதிகாரிகள் இப்படிப் பேசுவது வழக்கமில்லை. வேட்டி விரிக்கச் சொல்கிறாரே என்று முனகிக்கொண்டிருந்தவன் அன்றோடு முனகுவதை நிறுத்திக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை, குறைத்துக்கொண்டேன்.

புதுச் சக்கரத்துக்கு எழுதிப் போட்டால் வராது என்று தெரியும். ஐப்பசி பிறந்துவிட்டது. நான் வேலை பழகிய அதே பட்டறையில், பல் போன இடத்தில் பித்தளையை உருக்கிப் பற்றவைத்து மேடாக்கினோம். மிச்சமிருக்கிற நல்ல பல்லுக்கு அச்சு எடுத்து வைத்துக்கொண்டு, அந்த மேட்டை அரத்தால் ராவி ராவிப் பல்லாக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக ராவினால் பொய்ப்பல் ஆடும். குறைவாக ராவினால் கடிக்கும். ராவுவேன், அச்சில் வைத்துப் பார்ப்பேன், மாட்டிச் சுற்றுவேன், கடிக்கும், கழற்றுவேன், மறுபடி ராவுவேன். ஒருமுறை ஆத்திரத்தில் அரத்தைத் தூக்கி எறிந்தேன். அது பட்டறைச் சுவரில் பட்டு என் டீ கிளாசிலேயே விழுந்தது. தேவராஜன் சார் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அரத்தைத் துடைத்து என் கையில் வைத்தார்.

பல் ஒருவழியாகப் படிந்தது. ஆனால் பழைய பலம் அதற்கு இருக்காது. அப்படியானால் பித்தளைப் பின்னும் இனி ஆகாது, அதைவிட மெத்தென்ற ஒன்று வேண்டும் என்றார் சார். தண்டை வைஸில் இறுக்கினோம். விசிறியில் ஒரு கடப்பாரையைக் கட்டி, அதன் நுனியில் சாக்கைத் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மணலைக் கொட்டினோம். பித்தளைப் பின் உடைவதற்குச் சாக்கு நிறைய மணல் வேண்டியிருந்தது. கனத்த செம்புக் கம்பியில் வெட்டிய பின், பாதிச் சாக்குக்கே மடங்கி அறுந்தது. "நம்ம ஒட்டுப்பல்லு பாதிதான் தாங்கும்னு வெச்சிக்கோ. செம்பே போடு" என்றார்.

"சார், இது தூசு பட்டாலே உடைஞ்சிடுமே" என்றேன்.

"உடையட்டும். உடைஞ்சா மாத்திக்கினே போவோம்."

அவர் 'மாத்திக்கினே' என்று சொன்னது என்னைப் பற்றி என்று அப்புறம்தான் புரிந்தது. அலுவலகத்துக்குப் பின்னால் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்ட் தொட்டியில் மோட்டாரை மாட்டி, தண்ணீருக்குள் கைவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பின் மாற்றச் சொன்னார். கலங்கல் தண்ணீரில் கண் எதற்கும் உதவாதாம். விசிறி கழன்றுவிடாமல் பிடிக்கிற காட்டர் பின்னின் மடக்கிய காலை நிமிர்த்தி உருவ வேண்டும், விசிறியை இழுக்க வேண்டும், உடைந்த துண்டைத் தள்ளிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும், எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டி முடித்து நிமிர்ந்தால், குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் "மறுபடியும்" என்பார். மாடுகள் தாகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நாகரிகமாக இருக்காது.

அந்தக் கார்த்திகையில் பாலாறு வந்தது. வருஷக்கணக்கில் மணலாகக் கிடக்கிற ஆறு, வந்தால் கரையோடு கரையாக வரும். ஓரிக்கைப் பக்கம் ஆற்றுக்குள்ளேயே குடிநீர்க் கிணறு ஒன்று. உயரமான உறை மேல் சின்னதாக ஒரு மோட்டார் அறை. அதன் காவலாள் முனுசாமியும் அவர் மனைவி கன்னியம்மாவும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று காலையில் ஆள் ஓடிவந்தது. நாங்கள் வண்டியில் படகை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இருவரும் அறையின் கூரை மேல் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆற்றின் மேல்பகுதியில் இன்னும் மழை பெய்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அந்தக் கூரை இருக்காது என்று கரையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

நான் மோட்டாரில், கோவிந்தன் முன்னால் கழியும் நங்கூரமுமாக. கூட வேறு யாரையும் ஏற்றுவதாக இல்லை. தேவராஜன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறி நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.

"சார், நீங்க வாணாம்" என்றான் கோவிந்தன்.

"பின்னை யாரு எடுத்துக் குடுக்கறது? படகத் தள்ளு" என்றார். செம்புப் பின்கள் இருந்த சுருக்குப்பை அவர் கழுத்தில் தொங்கியது.

மாப்பிள்ளை அன்றைக்கு இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டார். நீரோட்டத்துக்குச் சாய்வாகப் போனோம். பாதியைத் தாண்டியிருப்போம், ஏதோ முள்வேலியோ வேரோ, விசிறி தட்டியது. என்ஜின் அலறியது. அந்த அலறலைக் கேட்டதும் எனக்கு வந்தது பயமில்லை, சந்தோஷம். பின்தான் போயிருக்கிறது, பல் போகவில்லை! பயம் அடுத்த நொடியில் வந்தது. படகு பக்கவாட்டில் திரும்பிக் கீழே அடித்துக்கொண்டு போகத் தொடங்கியது.

கோவிந்தன் நங்கூரத்தை வீசினான். மணலில் இழுத்துக்கொண்டே போய் எதிலோ மாட்டி, படகு ஒரு வெட்டு வெட்டி நின்றது. நான் என்ஜினை நிறுத்திவிட்டு, குப்புறப் படுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டேன். விரல்கள் மரத்துப்போயிருந்தன. முதலில் வாங்கிய பின் நழுவிப் போய்விட்டது. "அது போனா போவுது, இந்தா" என்று காதருகே சாரின் குரல். அதே நிதானம். இரண்டாவதைச் செருகினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் செருகினேன். தொட்டியும் மாடுகளும் குடையும் அப்போது எனக்குக் கடவுளாகத் தெரிந்தன. கயிற்றைச் சுற்றி இழுத்தேன். ஒரு தும்மல். மறுபடி இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

கிணற்றை அணைத்து நின்றதும் புதுத் தொல்லை. முனுசாமி இறங்க மாட்டேன் என்கிறார்.

"நான் எப்படி சார் வர்றது? ரூம் சாவி என் பொறுப்புல இருக்குது. உட்டுட்டு வந்தா வேலய உட்டுத் தூக்கிடுவாங்க சார்."

"சாவிய இடுப்புல சொருவிக்கினு எறங்குயா!" என்று கத்தினாள் கன்னியம்மா. "ரூமே முழுவிக்கினு இருக்குது. அந்தச் சாவிய வெச்சிக்கினு நீ இன்னாத்த தொறக்கப் போற?"

சார் அண்ணாந்து பார்த்து, ஏதோ அலுவலகத்தில் பேசுவதுபோலச் சொன்னார்: "முனுசாமி, நீ வேலய உட்டு வரல. சாவியப் பத்திரமாக் கரைக்கு எடுத்துக்கினு வர்ற. அதுவும் டூட்டிதான். உங்க ஆபீசுல நானே வந்து சொல்றேன்."

முனுசாமி சாவிக்கொத்தை அரைஞாணில் முடிந்துகொண்டு இறங்கினார். கன்னியம்மா அவருக்கு முன்பே இறங்கிவிட்டாள்.

திரும்பும்போது படகில் பாரம் கூடிவிட்டது. பின் இன்னொரு முறை போயிற்று, மாற்றினேன். கரை கிட்டே வரும்போது நாணல் புதரில் மாட்டி மறுபடியும் போயிற்று. இந்தத் தடவை கோவிந்தனின் கழிக்குத் தரை தட்டுப்பட்டது. கரையிலிருந்து கயிறு வீசினார்கள். ஏறிய இடத்துக்கு வெகுதூரம் கீழே, முழங்கால் தண்ணீரில் எல்லாரும் இறங்கி நின்றோம். யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. எனக்கு அழுகை வந்தது, மழையில் தெரியவில்லை.

நான் மோட்டாரைத் தூக்கி விசிறியைக் கழற்றினேன். உள்ளே இருந்த செம்புத் துண்டுகளைச் சார் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவையைப் பிழிந்துகொண்டிருந்த கன்னியம்மா கிட்டே வந்தாள்.

"இன்னா சார் அது?"

"பின்னுமா. ஒடஞ்சிபோச்சு."

"வழியெல்லாம் நின்னு நின்னு வந்தமே, அது இதாலதானா?"

"இதாலதான்மா."

அவ்வளவுதான், பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "ஏன் சார், இவ்ளோ பெரிய கவுர்மெண்டு, ஒடையாத சாமானா ஒண்ணு வாங்கிப் போடக் கூடாதா? மனுசன் உசுரு போற எடத்துல இத்துப்போனதயா கொண்டாந்து மாட்டுவீங்க? நடுத்தண்ணியில நிக்க வெச்சிட்டீங்களே, எனக்குப் பாதி உசுரு அங்கியே பூட்ச்சி!" முனுசாமி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. என் சர்வீசில் எவ்வளவோ பேச்சு வாங்கியிருக்கிறேன், அதைப் போல் காதுக்கு இனிமையான வசவு ஒன்று வாங்கியதில்லை.

சார் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"தப்புதான்மா. அடுத்த தடவ நல்லதா போடறோம்" என்றார் பணிவாக.

மழை விடவில்லை, ஆறும் இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் என்னையும் கோவிந்தனையும் உட்காரவைத்து, அதே செம்புக் கம்பியில் இன்னொரு பை நிறைய வெட்டச் சொன்னார்.